மூன்றாவது கம்பம்

தை நாலாம் தேதி
கல்யாண வீட்டில் சீரியல் பல்பு இழுத்துக்கொண்டிருந்தேன்.
வலது கை என் பேச்சைக் கேட்காமல் போனது.
ஏணியில் இருந்தேன். தரையில் விழவில்லை.
கீழே நின்ற பந்தல்காரப் பையன்
அரிசி மூட்டையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டான்.
அவன் பேர் இன்றுவரை தெரியாது.

காரைக்குடி ஆஸ்பத்திரியில் ஜெசிந்தா மேடம்
மஞ்சள் ரப்பர் பந்து ஒன்றைத் தந்து
அமுக்கச் சொன்னார்.
இருபத்தாறு வருஷம் பியூஸ் பிடுங்கிய கை.
அமுக்கினேன். பந்து சும்மா இருந்தது.
"நாளைக்கு" என்றார்.
நாளைக்கும் "நாளைக்கு" என்றார்.

பள்ளத்தூரில் வீடுகளை
எனக்கு விலாசத்தால் தெரியாது,
மெயின் போர்டால் தெரியும்.
வருஷத்துக்கு ஒருதரம் திறக்கிற வீடுகள்.
மலேசியாவிலிருந்து அவர்கள் வந்து இறங்குமுன்
சாவி என்னிடம் வரும்.
உள்ளே வவ்வால் வாடை, தூசி, பகலிலும் இருட்டு.
மெயினைத் தூக்கிவிட்டால்
முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று
ஒவ்வொன்றாக எரிந்துகொண்டே போகும் பாருங்கள்,
அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான்
இந்தத் தொழிலில் கிடந்தேன். கூலிக்காக அல்ல.
(இதை மீனாளிடம் சொல்லிவிடாதீர்கள்.)

பிறகு ஊருணி.
விடியுமுன் கரையைச் சுற்றி நடக்கச் சொல்லியிருந்தார்கள்.
முதல் மாதம் ஒரு மூலைவரை.
இழுத்த கால் செம்மண்ணில் கோடு போட்டது.
மறுநாள் போனால் கோடு அப்படியே இருக்கும்,
அதைத் தாண்டி ஒரு முழம் போவேன்.
மழை பெய்த மறுநாள் கோடு இல்லை.
எங்கே நிறுத்தினேன் என்று தெரியாமல்
கூடவே நடந்துவிட்டேன்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை.
அதாவது, பார்க்காததுபோல இருந்தார்கள்.
காசிம் பாய் கடையில் என் கிளாஸ் மட்டும்
முக்கால்வாசி நிரம்பும், கை நடுங்கினால் சிந்தாமல்.
காசு மட்டும் முழுசாக வாங்கிக்கொள்வார்.
அதில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது.

மீனாள் குன்றக்குடிக்குப் பால்குடம் நேர்ந்தாள்.
நான் முருகனிடம் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டு, அவர் கொடுக்காமல் போனால்
அவரோடும் பேச்சு நின்றுவிடுமே.

கிழக்குக் கரையில் மூன்றாவது கம்பம்
மாசியில் அணைந்தது.
சித்திரை போனது, ஆடி போனது,
மற்றதெல்லாம் எரிய அது மட்டும் இருட்டு.
பஞ்சாயத்தில் கேட்டதற்கு
"அடைக்கலம் அண்ணன் வந்து பார்க்கட்டும்" என்றார்களாம்.
பல்பு வாங்கப் பணமில்லை என்றும் சிலர் சொன்னார்கள்.
எது நிஜம் என்று நான் விசாரிக்கவில்லை.
முதலாவதை எடுத்துக்கொண்டேன்.
நம்புவதற்கு ஒன்று கிடைத்தால்
அதற்கு ரசீது கேட்கக்கூடாது.

கார்த்திகைக்கு முந்தின நாள், விடியாத கருக்கலில்
லைன்மேன் பத்து நிமிஷம் கரண்டை நிறுத்தினார்.
ஏணிக்கு ஒரு கால் காசிம் பாய்,
ஒரு கால் பால்கார வெள்ளைச்சாமி.
"வேண்டாம், வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே
மீனாள் டார்ச் அடித்தாள்.
ஏழு படி ஏறினேன்.
வேலையெல்லாம் இடது கை.
வலது கை டேப்பின் நுனியைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.
ஒரு திருகாணி தண்ணீரில் விழுந்தது.
இன்னொன்று கேட்டேன். அதுவும் விழுந்தது.
மூன்றாவது நின்றது.

எரிந்தது.
யாரும் கை தட்டவில்லை.
"கொஞ்சம் மங்கலா இருக்கே" என்றார் காசிம் பாய்.
வெள்ளைச்சாமிக்குப் பால் நேரம்.
ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் அங்கேயே நின்றேன்.
தண்ணீருக்குள் இன்னொரு கம்பம்
தலைகீழாக எரிந்துகொண்டிருந்தது.
வெளிச்சத்தில் இப்போதுதான் பார்க்கிறேன்,
என் கால் போட்ட கோடு
கம்பத்தைத் தாண்டி எப்போதோ போயிருக்கிறது.

சட்டைப்பையில் அந்த மஞ்சள் பந்து.
அமுக்கிப் பார்த்தேன்.
கொஞ்சம்.